மேலடுக்குக்கு மூன்றாவது பூச்சு

ஹாலிஃபாக்ஸ்,
மே 9, 1991

அன்புள்ள லொரெய்னுக்கு,

நீயும் கிரெய்கும் குழந்தை ஐவியும் நியூசிலாந்தில் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் அப்பாவுக்கு ஒரு குறையும் இல்லை. நான்தான் ஒரு வாரமாகத் தலை முதல் கால் வரை சர்க்கரைத் தூளோடு திரிகிறேன். எரிச்சலோடுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன், கையெழுத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்கும்.

எல்லாம் உன் கல்யாணக் கேக்கின் மேலடுக்கு படுத்தும் பாடு. முதல் குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு என்று தாள் சுற்றித் தகர டப்பாவில் மூன்று வருஷம் பூட்டி வைத்தேனே, அதேதான். ஞானஸ்நானப் பேச்சை எடுத்தால் ஜூனில் ஊருக்கே வரமாட்டோம், டிக்கெட்டும் எடுக்கமாட்டோம், ஐவி வளர்ந்து அவளே முடிவு செய்யட்டும் என்று நீ எழுதியிருந்தாய். படித்துவிட்டு மடித்து வைத்தேன், மறுநாளே கேக்கை வெளியே எடுத்தேன். ஆமாம், வீம்புதான். பழைய ஐசிங் மஞ்சளாகிப் போயிருந்தது, உரித்துப் போட்டேன். உள்ளே கேக் கறுகறுவென்று அருமையாக இருக்கிறது. ஊசியால் குத்திப் பிராந்தி ஊற்றி, பாதாம் விழுதைத் தேய்த்துப் போர்த்தினேன். அது நன்றாகக் காய்வதற்குள் அவசரப்பட்டு முதல் பூச்சைப் பூசிவிட்டேன். காலையில் பார்த்தால் எண்ணெய் கசிந்து திட்டுத் திட்டாக மஞ்சள். சுரண்டி எறிந்தேன். பாதாம் விழுதைப் புதிதாகப் போர்த்தி இரண்டு நாள் காயவிட்டு மறுபடி பூசினால், மிக்ஸியில் வேகமாக அடித்ததால் கேக்கின் மேலெல்லாம் பொத்தல். அடித்த ஐசிங்கை ஈரத்துணியால் மூடிக் கொஞ்ச நேரம் வைத்தால் காற்றுக் குமிழி அடங்கும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். பொறுமைதான் இல்லை. அதையும் சுரண்டப் போனேன்.

உன் அப்பா டீக் கோப்பையோடு வந்து எட்டிப் பார்த்து, ஏன் எனிட், கேக்குக்குச் சொறி புடிச்சிருக்கா என்றார். நாற்பது வருஷம் ஊர்ச் சுவருக்கெல்லாம் பூச்சு வேலை பார்த்த மனுஷன், நம் சமையலறைக் கூரையில் விரிசல் விட்டுப் பத்து வருஷம் ஆகிறது, அதை அண்ணாந்து பார்த்ததில்லை. என் கேக்குக்கு மட்டும் மேஸ்திரி. எனக்கு வந்த கோபத்தில், வாய் பேசுறவங்க வந்து பூசிக் காட்டட்டும் என்று ஐசிங்கை மட்டம் தட்டும் ஸ்கேலை நீட்டினேன். கை கழுவிக்கொண்டு நிஜமாகவே வந்துவிட்டார்! என் பொத்தல் பூச்சைச் சுரண்டாமல் அதன் மேலேயே ஐசிங்கைத் தாராளமாக அப்பினார். எஃகு ஸ்கேலை வெந்நீரில் முக்கித் துடைத்து, கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரம் வரை நிறுத்தாமல் ஒரே இழுப்பு. கண்ணாடி போல் வந்தது. வயிற்றெரிச்சலாக இருந்தது எனக்கு.

ஓரத்தில் மட்டும் சின்னதாக ஒரு பள்ளம். நான் கத்தியை எடுத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விடு எனிட், நீ சரி பண்றேன்னு போன தடத்துலயே திரும்பத் திரும்பப் போறே, அதான் கெட்டுப் போகுது, இழுத்தோமா கையை எடுத்தோமான்னு இருக்கணும், காஞ்சப்புறம் உப்புத்தாள் போட்டுத் தேச்சுக்கலாம் என்றார். அதோடு நிறுத்தினாரா? நீ நம்ம பொண்ணுக்கு எழுதுற லெட்டரும் இப்படித்தான் இருக்குது என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

அன்று அவருக்கு முந்தின நாள் மிஞ்சிய உருளைக்கிழங்குப் பலகாரத்தைச் சூடு பண்ணாமலே வைத்தேன். அதையும் சத்தம் போடாமல் தின்றுவிட்டு எழுந்தார், அதுதான் இன்னும் எரிச்சல். பிறகு உட்கார்ந்து யோசித்தேன். ஐவி பிறந்ததிலிருந்து உனக்கு ஏழு கடிதம் போட்டிருக்கிறேன். ஏழிலும் ஞானஸ்நானம். அவளுக்குப் பல் வந்ததா என்று ஒன்றிலாவது கேட்டேனா என்று நினைத்துப் பார்த்தேன், ஞாபகம் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, லொரெய்ன். வந்ததா பல்?

அப்பா பூசியது காய்ந்ததும் அதன் மேல் மூன்றாவது பூச்சை நேற்று நானே இழுத்தேன். ஒரே இழுப்பு, கையை எடுத்துவிட்டேன். பள்ளம் இல்லை என்று சொல்லமாட்டேன், இருக்கிறது, தொடவில்லை. கோவிலுக்குப் போய்ப் பாதிரியாரிடம் ஞானஸ்நானத்துக்குக் குறித்து வைத்த தேதி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் ஏன் என்று கேட்டார், கேக் வெட்ட மட்டும்தான் வர்றாங்க என்றேன். எனக்கு இதில் வருத்தம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் அதைப் பற்றி இனி எழுதமாட்டேன்.

கிரெய்கிடம் என் அன்பைச் சொல். ஐவியைக் கடவுள் காப்பாற்றட்டும், இதற்காவது நீ கோபிக்காதே. அவளுக்குக் கம்பளிச் சட்டை எடுத்து வர மறக்காதே, இங்கே ஜூனை நம்ப முடியாது. கேக்கின் மேல் சிலுவை போடவில்லை, எதுவும் எழுதவில்லை. வெறும் வெள்ளையாக வைத்திருக்கிறேன். நீ வந்து அவள் பெயரை எழுது.

இப்படிக்கு,
உன் பிடிவாதக்கார அம்மா
எனிட்