ஞாயித்துக்கிழமை முகம்

அன்புள்ள மகளுக்கு, சித்தி எழுதறேன். இங்க ரெண்டு பேரும் இருக்கோம், நேரத்துக்குச் சாப்பிடறோம். நீ அங்க சௌக்கியமா இருக்கணும், இதைப் படிச்ச பிறகும். மகளேன்னு எழுதினதுக்கு முறைக்காதே, உங்கப்பாவைக் கட்டிக்கிட்டேன்னாலும் உனக்கும் எனக்கும் ஆறு வயசுதான் வித்தியாசம், எனக்கே சிரிப்பா இருக்கு, ஆனா வேற எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியலை. காலேஜை பாதியில விட்டுட்டு ஓடினவ நான், ஒரு பக்கம் எழுதறதுக்குள்ள மூணு தடவை எழுந்து நடந்துட்டேன். போன்ல சொல்லலாம்னா உங்கப்பா பக்கத்துலயே உக்காந்திருப்பாரு.

போன வாரம் நீ சொன்னே, அப்பா நல்லாத்தானே சிரிச்சுப் பேசறாரு, நீங்கதான் ஒண்ணுமில்லாததைப் பெருசாக்கறீங்கன்னு. கோவம் வந்துச்சு. அப்புறம் யோசிச்சேன், உன் கண்ணுக்குத் தெரியறது அதுதானே. ஞாயித்துக்கிழமை மட்டும் அந்தப் பார்க்கின்சன் நடுக்க வியாதிக்கான மதிய மாத்திரையை அவர் நேரத்துக்குப் போடறதில்லை. நீ கூப்பிடற நேரத்துக்கு கை நடுக்கம் அடங்கி, முகம் சிரிக்கணும்னு தள்ளிப் போடறாரு. அதுவரைக்கும் நாற்காலியில ஆணி அடிச்ச மாதிரி கிடப்பாரு, சட்டை பட்டனைக்கூட நான்தான் போட்டு விடறேன்.

முன்னாடி எல்லாம் ஒரு மாத்திரை அடுத்த மாத்திரை வரைக்கும் தாங்கும். இப்போ தாங்கறதில்லை. அடுத்த வேளை வர்றதுக்கு முன்னாடியே குரல் இறங்கிடும், வேர்க்கும், கால் தரையில ஒட்டிக்கும். மாத்திரை போட்டுக் கொஞ்ச நேரத்துல மறுபடி மனுஷன் ஆயிடுவாரு. நான் இதை ரொம்ப நாள் வீம்புன்னே நினைச்சேன். சாயங்காலமானா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கறாரு, கேட்டா பதில் இல்லைன்னு நானும் பாத்திரத்தை டமார்னு வச்சேன். அவர் வண்டி ஓட்டச் சொல்லிக் குடுக்கற டிரைவிங் ஸ்கூல்ல நடந்ததுக்கு அப்புறம்தான் உறைச்சுது. கத்துக்க வந்த பொண்ணு குறுக்க வந்த சைக்கிளைப் பாத்துப் பதறி ஆக்ஸிலேட்டரை மிதிச்சுட்டா, அப்பா பக்கமும் ஒரு பிரேக் இருக்கில்ல, அதுக்குக் கால் போகவே இல்லை. அவளே வண்டியைத் திருப்பி மதில்ல மோதி நிறுத்தினா, நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. மாத்திரை நேரம் நெருங்கியிருந்துச்சு. ஓனர் மரியாதையாத்தான் சொன்னாரு, சார் இனிமே ஆபீஸ்ல உக்காந்து பாடம் எடுங்கன்னு. உன்கிட்ட முட்டி வலி, அதான் வண்டியில போறதில்லைன்னாரே, நிஜம் இதுதான்.

டாக்டர்கிட்டயும் இதே கூத்து. கிளம்பறதுக்கு முன்னாடி மாத்திரையைப் போட்டுட்டு அங்க போய் ஜம்முனு நடந்து காட்டுவாரு. நான் வாயைத் திறந்தா, இவளுக்கு எல்லாத்துக்கும் அவசரம் டாக்டர்னு ஒரு சிரிப்பு, டாக்டரும் கூடச் சிரிப்பாரு. வெளிய நர்ஸ்தான் சொன்னாங்க, இது நிறைய பேருக்கு வர்றதுதாம்மா, மாத்திரை நேரத்தை மாத்திக் குடுப்பாங்க, வேற மருந்து சேர்ப்பாங்க, ஆனா நீங்களா எதையும் கூட்டிக் குறைக்காதீங்க, டாக்டருக்குத் தெரியணும்னு. தெரிய விட்டாதானே.

அதனால எனக்கு ஒண்ணு செய். புதன்கிழமை சாயங்காலம், நான் வேலை முடிஞ்சு வந்ததும், அவர்கிட்ட சொல்லாம வீடியோவுல கூப்பிடு. மாத்திரை வேகம் இறங்கற நேரம் அது, அவரால போனை எடுக்க முடியாது, நான் எடுத்து அவர் முன்னாடி வைக்கிறேன். சிரிக்க மாட்டாரு. என்னப்பா கோவமான்னு கேக்காதே, கோவம் இல்லை, முகம் வர மாட்டேங்குது. அவர் பேசினாலும் உன் காதுல பாதிதான் விழும். உனக்கு அழுகை வந்தா அழு, ஆனா கட் பண்ணாதே. அப்புறம் நீயே சொல்லு, டாக்டருக்கு இந்த முகத்தையும் காட்டுப்பான்னு. நான் சொன்னா நச்சரிப்பு, நீ சொன்னா கேப்பாரு.

போட்டுக் குடுத்துட்டேன்னு என்கூடப் பேச மாட்டாரு, பரவாயில்லை. அவருக்கு நல்ல நேரம் குறைஞ்சுகிட்டே வருது, இருக்கிறதை உனக்குன்னு எடுத்து வைக்கிறாரு. பொறாமை இல்லைன்னு சொன்னா பொய். ஆனா அதுக்காக அவர் படற பாட்டைப் பக்கத்துல நின்னு பாக்க என்னால முடியலைம்மா.

வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி தனியா நடந்து வராதே. ஆசீர்வாதம் பண்ற வயசு எனக்கு இல்லை, இருந்தாலும் நல்லா இரு. புதன்கிழமை மறந்துடாதே. அன்னிக்கு நீ கூப்பிடலைன்னா, ஞாயித்துக்கிழமை நீ கூப்பிடறப்போ அந்தச் சிரிப்புக்குத் துணையா நான் அந்த ரூம்ல இருக்க மாட்டேன்.

இப்படிக்கு,
சித்தி