உனக்குள் இருந்த ஜோன்ஸ் துரை

மச்சான்,

குசினியில் மனைவி அச்சாறு போடுகிறாள். வினாகிரி மணம் வீடு முழுக்க நிற்கிறது. இரண்டு தரம் எழும்பி முற்றத்துக்குப் போய் வந்துவிட்டேன். மூன்றாம் தரம் எழும்பியபோது அவள் கேட்டாள், "இருபது வருசமா ஆசுப்பத்திரியில நிக்கிறீங்கள், இந்த மணம் உங்களுக்கு ஏலாதோ?" பழகாத மணமில்லை இது. பழகினதுதான் தொல்லை. ஆய்வுகூடத்தில் நாங்கள் துளித் துளியாக விடும் அமிலத்துக்கும் இதே மணம்தான். மூக்கில் பட்டால் உன் சோடாப் போத்தல் நினைவுக்கு வந்துவிடுகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். ஒரே இருப்பில் எழுதி முடிப்பேனோ தெரியாது.

வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. நீ கிண்ணியாவிலிருந்து தினம் படகேறி வந்து, கப்பலுக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தாய். இடுப்பு நோகிறது என்றாய். பெட்டி தூக்குகிறவனுக்கு இடுப்பு நோகாமல் காதா நோகும் என்று நான்தான் பகிடி விட்டேன். மூதூர்ப் பரிகாரி எண்ணெய் தந்தார். நோ குறையவில்லை. கடைசியில் நானே சொன்னேன், நீ ஆசுப்பத்திரி வரிசையில் நிற்க வேண்டாம், காலைச் சிறுநீரைக் கொண்டு வா, பார்த்துத் தருகிறேன் என்று. பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவனுக்கு இதுகூடச் செய்யாவிட்டால் நான் அங்கே வேலை செய்து என்ன?

நீ அதைச் சோடாப் போத்தலில் கொண்டுவந்தாய். "கலரா, பிளேனா?" என்று கேட்டேன். இரண்டு பேரும் சிரித்தோம். உனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது, எனக்கு வெளியே ஒரு சனம் காத்திருந்தது. குழாயில் ஊற்றி நெருப்பில் பிடித்தேன். சிறுநீரில் புரதம் இருந்தால் சூட்டில் கலங்கும். சில உப்புகளும் கலங்கும். ஆனால் அமிலம் இரண்டு துளி விட்டால் உப்புக் கரைந்துவிடும், புரதம் கரையாது. நாங்கள் படித்த பாடம் அவ்வளவுதான். உன்னுடையது கொதிக்க முன்னமே வெள்ளையாகக் கலங்கியது. இவ்வளவு கெதியில் ஏன் கலங்குகிறது என்று ஒரு கணம் யோசித்தேன். அதற்குள் யாரோ கதவைத் தட்டினார்கள். அமிலத்தை விட்டேன், குழாயை நெருப்புக்குள் இறக்கினேன். கொதித்ததும் தெளிந்துவிட்டது.

"உப்புத்தான் மச்சான், பயப்பட ஒண்டுமில்லை" என்றேன். ஆறவும் விடாமல் தொட்டிக்குள் ஊற்றிக் குழாயைக் கழுவினேன்.

அதன்பிறகு ஐந்து மாதம் நீ பெட்டி தூக்கினாய். வேலையை விடச் சொல்லி உன் மனைவி அழுதபோது, கூட்டாளி பார்த்துச் சொல்லிவிட்டான், ஒன்றுமில்லை என்றாயாம். பிறகு ஒரு நாள் தும்மினாய், விலா எலும்பு முறிந்தது. தும்மலுக்கு எலும்பு முறிந்த ஆளை நான் அதுவரை கண்டதில்லை.

உன்னைச் சேர்த்த வார்ட்டில் புதிதாக வந்திருந்த டொக்டர் உன் பேரில் ஒரு சீட்டு எழுதி அனுப்பினார். பென்ஸ் ஜோன்ஸ் புரதம் பார்க்க வேண்டுமாம். அந்தப் பேரைப் பரீட்சைக்குப் பாடமாக்கியிருந்தேனே தவிர, குழாயில் கண்டதில்லை. பென்ஸ் ஒருவர், ஜோன்ஸ் இன்னொருவர் என்றுதான் நினைத்திருந்தேன். புத்தகத்தை எடுத்துப் பார்த்தால் ஒரே ஆள், அந்தக் காலத்து இங்கிலாந்து டொக்டர். எலும்புக்குள் இருக்கும் மச்சையில் ஒருவகைப் புற்று வந்தால் சிறுநீரில் இறங்கும் புரதத்துக்கு அவருடைய பேரை வைத்திருக்கிறார்கள். மற்றப் புரதம் கலங்கினால் கலங்கினதுதான். இது இளஞ்சூட்டில் திரளும், கொதித்தால் கரையும், ஆறினால் திரும்பவும் திரளும். ஆகவே குழாயை நேரே நெருப்பில் பிடிக்கக் கூடாது, தண்ணீர்ச் சட்டிக்குள் வெப்பமானியோடு வைத்து மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும் என்று எழுதியிருந்தது.

அப்படியே வைத்தேன். ஐம்பது பாகை தாண்டக் கலங்கியது. அறுபதில் அரிசி கழுவின தண்ணீர் போல நின்றது. கொதித்தபோது தெளிந்தது. எடுத்து மேசையில் வைத்தேன், ஆற ஆற அந்த வெள்ளை திரும்பி வந்தது. கதிரையில் இருக்க முடியவில்லை எனக்கு. வெளியே போனேன், வந்து பார்த்தேன், இன்னும் அங்கேயே நின்றது.

வருத்தம் இன்னதென்று உனக்கு வார்ட் டொக்டர் சொன்னார். அந்தப் புரதத்துக்கு ஏன் வெள்ளைக்காரன்ட பேர் என்று என்னிடம்தான் கேட்டாய். யாரோ ஒரு நோயாளியின் சிறுநீரைச் சோதிக்க அந்த இங்கிலாந்து டொக்டரிடம் அனுப்பினார்களாம், அவர் பார்த்து எழுதினாராம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"அந்த வருத்தக்காரன்ட பேர் என்ன?"

புத்தகத்தில் இல்லை என்றேன்.

"எலும்பு அவன்ட, நோவு அவன்ட, பேர் மட்டும் டொக்டருக்கா? நல்ல யாவாரம் மச்சான்."

அதற்குப் பிறகு மூன்று புத்தகம் தேடிவிட்டேன். எனக்குக் கிடைத்த ஒன்றிலும் அந்த மனிதனின் பேர் இல்லை.

ஆசுப்பத்திரியில் நாங்கள் அதை பி.ஜே. என்று சுருக்கிவிட்டோம். நீ ஜோன்ஸ் துரை ஆக்கினாய். காலையில் போத்தலை நீட்டும்போதே, துரை இன்றைக்கு எப்படி இருக்கிறார் என்று கேட்பாய். துறைமுகத்தை விட்டு வெள்ளைக்காரன் எல்லாரும் போய்விட்டான், ஒருத்தன் மட்டும் என் இடுப்புக்குள் ஒளித்திருந்துவிட்டான் என்று வார்ட்டுக்கே சொல்லிச் சிரித்தாய். சிரித்தால் விலா நோகும், என்றாலும் சிரிப்பாய்.

ஒரு பின்னேரம் நீ சிரிக்காமல் கேட்டாய். "அண்டைக்கு நீ பாத்தாயே மச்சான், அப்ப துரை இல்லயா?"

"இல்லை" என்றேன்.

"அப்ப சரி" என்று மறுபக்கம் திரும்பிப் படுத்தாய்.

சாவு வரும்வரை அந்தப் பொய்யை நீ காப்பாற்றினாய். உன் தமையன், ஆசுப்பத்திரிக்காரர் முதலே பிடித்திருக்க வேண்டும் என்று கத்தியபோது, நீதான் தலையணையில் இருந்து எழும்பி எனக்காகச் சாட்சி சொன்னாய். அவன் பார்த்தவன், அப்போது இருக்கவில்லை என்றாய். நான் கட்டில் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். 

முதலே கண்டிருந்தாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடிந்திராது என்று டொக்டர் பிறகு சொன்னார். நான் ஏன் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. உயிர் எப்படியும் போயிருக்கும், சரி. ஆனால் அந்த ஐந்து மாதமும், உளுத்த எலும்போடு உன்னைப் பெட்டி தூக்க அனுப்பியது நான். அதை எந்த டொக்டரும் கழித்துத் தர முடியாது. எத்தனையோ நாள் படகேறிக் கிண்ணியாவுக்கு வந்து, உன் மனைவியிடம் சொல்வோம் என்று வாசல்வரை போனேன். அவள் தேத்தண்ணி தந்து, நீங்க மட்டும் இல்லாட்டி அவர் தனிச்சுப் போயிருப்பார் என்றாள். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

நீ போய்ப் பதினாறு வருடம். இன்றும் நான் ஒரு குழாயையும் சூட்டோடு ஊற்றுவதில்லை. ஆறும்வரை பார்த்துக்கொண்டு நிற்கிறேன். கூட வேலை செய்கிறவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள், இப்போது நான் மிகக் கவனமான ஆள் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறார்கள். அதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. எழும்பிப் போய்விடுகிறேன்.

அந்தப் பின்னேரம் நீ கேட்டதற்கு இன்னும் நான் உண்மையான மறுமொழி சொல்லவில்லை. இருந்தது மச்சான். அண்டைக்கே இருந்தது. நான் கண்டனான்.