நீ தூக்காத கை

எடியே, இன்றைக்குப் புத்தூரில் ஒரு வீட்டுக் கிணற்றுக்கட்டில் யூரியாப் பையைக் கழுவிக் காயப்போட்டிருந்தார்கள். கழுவியும் மூக்கைக் கரிக்கிற அந்த மணம் போகவில்லை. அப்படியொரு பையில்தானே உங்கள் தோட்டத்து வெங்காயத்தைக் கட்டிக்கொண்டு முதல் நாள் விடுதிக்கு வந்து இறங்கினாய்! அறை முழுக்க நாறியது. நான் மூக்கைப் பொத்த, "மீன் மணத்தோடை வளந்தனி, உது தாங்கமாட்டியோ?" என்று சீண்டினாய்.

நீ தோட்டக்காரர் மகள், நான் கடலுக்குப் போகிறவர் மகள். இரண்டு பேருமே டொக்டராகிற ஆசையில் படித்து, சோதனையில் புள்ளி போதாமல் பொதுச் சுகாதாரப் பட்டப்படிப்புக்கு வந்தோம். அரசாங்கம் இலவசமாய்ப் படிப்பித்தது, மாதாமாதம் உதவிப்பணமும் தந்தது. எதற்கென்று நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை.

இரண்டாம் வருடம் கொழும்பிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வகுப்புக்கு வந்தார். "அரசாங்கம் உங்களை ஏன் படிப்பிக்குது, நாட்டின்ரை சுகாதாரக் கொள்கை என்ன எண்டு தெரிஞ்ச ஆக்கள் கையைத் தூக்குங்கோ" என்றார். வகுப்பு முழுக்கக் கை எழும்பியது. தெரியாது என்றால் உதவிப்பணத்தை வெட்டிவிடுவார்களோ என்று எல்லாருக்கும் பயம். உன் கை மட்டும் மடியில் கிடந்தது. "தெரியாது சேர். எங்கடை ஊர்க் கிணத்துத் தண்ணிக்கு ஆர் பொறுப்பெண்டும் தெரியாது. நீங்கள் சொல்லுங்கோ" என்றாய். அவர் சிரித்துவிட்டு, பக்கத்தில் இருந்த என்னை எழுப்பிக் கேட்டார். நான் திருதிருவென்று முழித்தேன்.

கன்ரீனில் வைத்து உன்னை நல்லாய் ஏசினேன். "கையைத் தூக்கியிருந்தால் முறிஞ்சே போயிருக்கும்?"

"தெரியாததுக்குத் தூக்கினால் பிறகு கேக்க ஏலாதடி" என்றுவிட்டு என் வடையையும் எடுத்துத் தின்றாய்.

இரண்டு பேரும் சுகாதாரக் கந்தோரில் வேலைக்கு வந்த வருடமே நீ போய்விட்டாய். கிணறு கிணறாய் மீன்குஞ்சு விட்டு நுளம்பை அழித்துத் திரிந்த உன்னை டெங்குக் காய்ச்சல் கொண்டுபோனது. நியாயமோடி உது? எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்த யூரியாப் பை காய்ந்த வீட்டில் ஒரு தாய், இடுப்பில் கைக்குழந்தை. உரம் இறங்கி அவர்களின் கிணற்றில் நைத்திரேற்று கூடிவிட்டது, அது கைக்குழந்தைக்கு நஞ்சு, அந்தத் தண்ணீரில் பால்மா கரைக்க வேண்டாம் என்று சொல்லத்தான் போனோம். "நல்லாக் கொதிக்க வைச்சுத்தானே மிஸ் குடுக்கிறன்" என்றாள். கொதிக்க வைத்தாலும் போகாது, இன்னும் கூடும் என்றேன். அவள் முகம் செத்துப்போனது.

"அப்ப பிள்ளைக்கு ஆர் தண்ணி தருவினம்?"

கூட வந்த மேலதிகாரி எனக்குக் கண்ணைக் காட்டினார். "நடவடிக்கை எடுக்கப்படும்" என்று சொல்லி முடிக்கச் சொல்கிறார். எனக்கு அது வாயில் வரவில்லை. "தெரியாது தங்கச்சி. கேட்டுக்கொண்டு வாறன்" என்றேன். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு எனக்கு முன்னால் விறுவிறென்று போய்விட்டார்.

பின்னேரம் ஸ்கூட்டியில் ஒரு கான் நல்ல தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். எத்தனை நாளைக்கு? வீட்டுக்கு வந்தும் ஓரிடத்தில் இருக்க ஏலாமல் முற்றத்தில் நடந்துகொண்டு திரிகிறேன். அவளுக்கு என்ன பதில் கொண்டுபோகப் போகிறேன்?

நாளைக்குக் கந்தோரில் மாதாந்தக் கூட்டம். கடைசியில், "எல்லாருக்கும் விளங்கினதுதானே? கையைத் தூக்குங்கோ" என்பார்கள். எல்லாக் கையும் எழும்பும். என் கை மடியில்தான் கிடக்கும். அந்தப் பிள்ளையின் தண்ணீருக்கு ஆர் பொறுப்பென்று சொல்லும்வரை எழும்பாது. பயமாய்த்தான் இருக்கிறது. நீ பக்கத்தில் இரடி. என் வடையையும் நீயே தின்.