கேட்காத சொல்

3 நவம்பர் 1988, கிராக்கூவ்

அகராதியில் இன்று ஓரகத்தியின் முறை. மூல ஸ்லாவ் மொழியில் அவள் *யென்த்ரி. முன்னால் நட்சத்திரம் இருந்தால் எழுத்தில் எங்கும் கிடைக்காதது, நாங்கள் கணித்தது என்று பொருள். செர்பியரிடம் யெத்ர்வா, பல்கேரியரிடம் எதர்வா என்று இன்றும் வாழ்கிறது. எங்கள் போலிஷில் யொன்த்ரெவ் ஆகி வழக்கொழிந்தது. அந்தப் பழைய இகர ஈறு மட்டும் எங்கும் மிஞ்சவில்லை.

மாலையில் என்னோடு அகராதியில் வேலை செய்யும் பொகுமிலா, ஊர் ஊராகப் போய்ப் பேச்சுவழக்குச் சொற்களைக் கேட்டு எழுதிய பழைய அட்டைகளில் ஒன்றோடு வந்தாள். மலையூர் ஒன்றில் 'யொன்த்ரி' என்றே பதிவாகியிருக்கிறதாம்.

"உன் அட்டைதான்டி, ஐம்பத்தொம்போதுல எடுத்தது. இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே, கள்ளி."

4 நவம்பர்

சிரித்து வைத்தேன். ஏன் சிரித்தேன்?

9 நவம்பர்

எல்லாம் நினைவிருக்கிறது. எனக்கு இருபத்திரண்டு வயது, கடும் பனி, கடைசிப் பேருந்துக்குக் கால் மணி நேரம். அந்த மலையூரில் அவரை விதை பொறுக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம் கேட்டேன்: உங்க வீட்டுக்காரரோட தம்பி பெண்டாட்டியை எப்படிக் கூப்பிடுவீங்க?

"பேரச் சொல்லித்தான். கோவம் வந்தா வேற பேரு" என்றார்.

அட்டை காலியாக இருந்தது. என்னை அனுப்பிய பேராசிரியர் எதைக் கண்டால் மகிழ்வாரோ அதை எழுதினேன். கணித்த வடிவத்தை ஒட்டி நானே உண்டாக்கிய சொல். இப்போது அதுவே கணிப்புக்குச் சான்றாக வந்து நிற்கிறது.

15 நவம்பர்

பொகுமிலா கட்டுரையை முடித்துவிட்டாள். பத்து வருஷமாக அந்த ஈற்றைத் தேடியவள். பிராக் நகர மாநாட்டில் வாசிக்கப் போகிறாள். அடிக்குறிப்பில் என் பெயர், நன்றியோடு.

21 நவம்பர்

சொல்லிவிட்டேன். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நான் எழுதறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம்ல?"

என்னத்த சொல்றது — பயம்னா?

"நீங்க போகலாம்" என்றாள். இருபது வருஷத்தில் முதல் 'நீங்க'.

28 நவம்பர்

பிராக் மாநாட்டுக்கு அவள் போகவில்லை.

14 டிசம்பர்

அகராதியின் அச்சுப்படி வந்தது. ஓரகத்திக்குக் கீழே, போலிஷ் பேச்சுவழக்கு: சான்று இல்லை.

என் பழைய அட்டைகள் நானூற்றுப் பன்னிரண்டையும் பொகுமிலா சரிபார்க்கிறாள், என்னை எதிரில் உட்காரவைத்து. இன்று அறுபது. மூன்றில் 'கேட்கவில்லை' என்று எழுதினேன். அடுத்ததில் கை நின்றது. கேட்டேனா இல்லையா என்றே தெரியவில்லை.

"அப்ப அதையே எழுதுங்க" என்றாள்.

எழுதினேன்.