என்னைக் கேட்காமல் முடிவு செய்யப்பட்ட என் வலது கணுக்கால்

அனுப்புநர்:
ஜா. நதியா, வயது 34,
க/பெ. ஜான்சன்,
ஆட்டோ ஓட்டுநர்,
ரயில் நிலையச் சாலை,
வாலாஜாபாத், காஞ்சிபுரம் மாவட்டம்.

பெறுநர்:
இணை இயக்குநர் அவர்கள்,
மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள்,
காஞ்சிபுரம்.

பொருள்: காஞ்சிபுரம் நற்றுணை எலும்பு மூட்டு மருத்துவமனை – என் கணுக்காலுக்கு இருந்த வேறு சிகிச்சை வழிகளை மறைத்து, என் ஒப்புதல் இல்லாமல் அறுவை அரங்கு வரை கொண்டுசென்றது – அதைக் கேள்வி கேட்டதற்கு என்னிடமே மன்னிப்புக் கடிதம் கோருவது – விசாரணை வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கீழ்க்காணும் விவரங்களைத் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவருகிறேன்.

1. நான் வாலாஜாபாத்திற்கும் காஞ்சிபுரத்திற்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். வண்டி என் பெயரில் உள்ளது, ஓட்டுவதும் நான்தான். ஆட்டோவில் பிரேக் வலது காலில் இருக்கிறது. குதிகாலைத் தரையில் ஊன்றி, கணுக்காலை மடக்கி, முன்பாதத்தால் அழுத்த வேண்டும். பள்ளிப் பிள்ளைகளும் வயதானவர்களும் பின்னால் உட்கார்ந்திருக்க, அந்த ஒரு அசைவை நம்பித்தான் நான் வண்டியைக் கிளப்புகிறேன். இந்த மனுவில் இதை முதலில் சொல்வதற்குக் காரணம், என்னை யாரும் இதைக் கேட்கவே இல்லை என்பதுதான்.

2. 2023ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஐயம்பேட்டை அருகே தவறான பக்கத்தில் வந்த ஒரு இருசக்கர வாகனத்துக்கு வழிவிட்டு ஹேண்டிலை ஒடித்தபோது என் வண்டி சாய்ந்தது. பயணிகளுக்குச் சிராய்ப்பு மட்டுமே. என் வலது கால் வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது. மேற்படி நற்றுணை மருத்துவமனையில் கணுக்கால் எலும்பு முறிந்திருப்பதாகக் கூறி மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டுப் பிரித்தபின் எல்லாம் சரியாகிவிட்டது என்றார்கள்.

3. சரியாகவில்லை. பாதம் உள்பக்கமாகச் சாய்ந்தே நின்றது. ஒவ்வொரு முறை பிரேக் அழுத்தும்போதும் கணுக்காலுக்குள் கல்லை வைத்து அரைப்பதுபோல் இருந்தது. வலி பொறுக்க முடியாமல் 2024 தை மாதத்தில் மீண்டும் அங்கே சென்றேன். எலும்பியல் மருத்துவர் டாக்டர் தினகரன் எக்ஸ்ரே படம் எடுக்கச் சொன்னார். படத்தைப் பார்த்துவிட்டு என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லி, என் கணவரை மட்டும் உள்ளே அழைத்தார். என் கால் பற்றிய பேச்சு நான் இல்லாத அறையில் நடந்தது.

4. என் கணவர் ஜான்சன் அரிசி ஆலையில் வேலை செய்கிறார். அவர்மீது எனக்குப் புகார் எதுவும் இல்லை. வெளியே வந்தவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "ஒரு ஆபரேஷன் பண்ணா வலி சுத்தமா பூடுமாம். நடக்கலாமாம். கையெழுத்துப் போட்டுட்டேம்மா." வலி போகும் என்றதும் நானும் சரி என்றேன். மூட்டை என்ன செய்யப்போகிறார்கள் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லாததை அவரால் எனக்குச் சொல்ல முடியாது.

5. அறுவைக்கு முந்தைய நாள் என்னை உள்நோயாளியாகச் சேர்த்தார்கள். பக்கத்துப் படுக்கையில் பிள்ளையார்பாளையத்தைச் சேர்ந்த திருமதி லோகாம்பாள் என்பவர், தையல் பிரிப்பதற்காக வந்திருந்தார். அவருக்கும் கணுக்காலில்தான் அறுவை. தறிக்குழியில் கால் வைத்து மிதிக்கட்டை மிதிக்கிறவர். அவர் தன் பாதத்தை எனக்குக் காட்டினார். மேலே கீழே அசைக்கப் பார்த்தார். அது அசையவில்லை. "எலும்பையும் எலும்பையும் சேத்து ஸ்க்ரூ வெச்சுட்டாங்களாம். இனிமே இப்டியேதான் இருக்குமாம். பண்ணி முடிச்சப்புறந்தான்மா சொல்றாங்க" என்றார். அவர் அழவில்லை. தறியில் எப்படி உட்காருவது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

6. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. எனக்கும் இதே ஆபரேஷன்தானா என்று செவிலியரிடம் கேட்டேன், டாக்டரைக் கேளுங்கள் என்றார். டாக்டரைப் பார்க்கக் காத்திருந்தேன், அவர் வரவில்லை. மறுநாள் காலை என்னை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து அறுவை அரங்கு வாசல்வரை தள்ளிச் சென்றார்கள். மயக்க மருந்து கொடுக்க வந்த இளம் மருத்துவரிடம், ஆபரேஷனுக்குப் பிறகு என் பாதம் மேலும் கீழும் அசையுமா என்று கேட்டேன். அவர் கோப்பைப் பார்த்துவிட்டு, "ஃப்யூஷன்மா. கணுக்கால் மூட்டு லாக் ஆயிடும், அசையாது. உங்களுக்குத் தெரியும்ல?" என்றார். எனக்குத் தெரியாது. அந்த மருத்துவருக்கு இந்த மனுவின் மூலம் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். அங்கே எனக்கு உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

7. நான் ஸ்ட்ரெச்சரை விட்டு இறங்கினேன். பச்சை கவுனோடு, சுவரைப் பிடித்து, ஒற்றைக் காலால் தாண்டித் தாண்டி வார்டுக்கு வந்து என் சேலையைக் கட்டிக்கொண்டேன். சத்தம் கேட்டு வந்த டாக்டர் தினகரனிடம், நான் ஆட்டோ ஓட்டுகிறவள், இதற்கு வேறு வழி உண்டா இல்லையா என்று மட்டும் கேட்டேன். அவர் சொன்னது: "பொம்பளைக்கு ஆட்டோ எதுக்கும்மா? வீட்ல உக்காந்து பொண்ணைப் பாத்துக்கோ. நடக்க முடிஞ்சா போதாதா?" ஐயா, போதாது. எனக்கு எது போதும் என்பதை அளப்பது எலும்பு மருத்துவம் அல்ல.

8. என் கோப்பில் 'சிகிச்சைக்கு ஒத்துழைக்காத நோயாளி, மனநிலை சீராக இல்லை' என்று எழுதி என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேறு மருத்துவரிடம் காட்ட எக்ஸ்ரே படங்களைக் கேட்டுச் சென்றபோது, அறுவை அரங்கில் கலாட்டா செய்ததற்கு மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் தருவதாக மேலாளர் கூறினார். நான் எழுதிக் கொடுக்கவில்லை. வரவேற்பறை நாற்காலியில் ஊன்றுகோலோடு உட்கார்ந்துவிட்டேன். காலுக்கு என்ன ஆயிற்று என்று கேட்ட ஒவ்வொரு நோயாளிக்கும் பொறுமையாக நடந்ததைச் சொன்னேன். மதியத்திற்குள் படங்கள் என் கைக்கு வந்துவிட்டன.

9. அவற்றை எடுத்துக்கொண்டு நானும் என் கணவரும் சென்னையில் உள்ள ஒரு அரசு மருத்துவமனைக்குச் சென்றோம். அங்கே டாக்டர் சந்தியா என்பவர் என்னைத்தான் முதலில் உட்காரச் சொன்னார். என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். பிரேக் எப்படி மிதிப்பாய் என்று கேட்டு, காலியான ஒரு மருந்துப் பெட்டியை என் காலடியில் வைத்து மிதித்துக் காட்டச் சொன்னார். பிறகு பிளாஸ்டிக் எலும்புக்கூட்டின் பாதத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு விளக்கினார். மாவுக்கட்டுக்குள் என் எலும்பு கோணலாக ஒட்டியிருக்கிறது. அதனால் மூட்டின் ஒரு பக்கம் மட்டும் தேய்கிறது. மறுபக்கம் இன்னும் நன்றாக இருக்கிறது.

10. அவர் கூறிய வழிகளை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். சிறு துளைகள் வழியாகக் கேமரா விட்டு மூட்டைச் சுத்தம் செய்யலாம், ஆனால் கோணல் இருக்கும்வரை வலி திரும்பிவிடும். செயற்கை மூட்டு வைக்கலாம், என் வயதுக்கும் வேலைக்கும் அது சீக்கிரம் தேய்ந்துவிடக்கூடும். மூட்டை அசையாமல் ஒட்டவைக்கலாம். அதுவும் நல்ல அறுவைதான், பலர் அதன்பின் வலியில்லாமல் நடக்கிறார்கள், கார் ஓட்டுகிறவர்களும் உண்டு, ஆனால் முழுக் காலையும் தூக்கி மிதிக்கப் பழக வேண்டும். கடைசியாக, கணுக்காலுக்கு மேலே எலும்பை வெட்டி, நேராக்கி, பிளேட் வைத்து மூட்டைக் காப்பாற்றலாம். எலும்பு கூடுவதற்கு மாதங்கள் ஆகும். கூடாமலும் போகலாம், பின்னொரு காலத்தில் மூட்டை ஒட்டவைக்க வேண்டியும் வரலாம். இதையெல்லாம் சொல்லிவிட்டு, "வீட்டுக்குப் போய் யோசிச்சிட்டு வா. முடிவு உன்னுது" என்றார்.

11. 'முடிவு உன்னுது' என்று கேட்டபோது என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். பேருந்தில் திரும்பும்போது, "என்னைக் கூப்பிட்டப்பவே நீயும் வான்னு நான் சொல்லியிருக்கணும்" என்றார். அத்தோடு அந்தப் பேச்சை நாங்கள் முடித்துக்கொண்டோம்.

12. நான் எலும்பை நேராக்கும் அறுவையைத் தேர்ந்தெடுத்தேன். கையெழுத்து என்னுடையது. அது சுலபமாக இருக்கவில்லை. பல வாரங்கள் பாதத்தைத் தரையில் ஊன்றவே கூடாது என்றார்கள். என் மகள் அபி பள்ளிக்குப் போகும் நேரத்தில் வாசலில் நின்று கையசைக்கக்கூட எழ முடியாமல் கிடந்தேன். சில இரவுகளில், இறங்காமல் அந்த ஸ்ட்ரெச்சரிலேயே படுத்திருக்கலாமோ என்றும் நினைத்தேன். ஆனால் எலும்பு கூடியது. மழைக்காலம் முடிந்தபின், மருத்துவர் சம்மதித்ததும், ஆளில்லாத தாமல் ஏரிக்கரைச் சாலையில் வண்டியை ஓட்டி, நிறுத்தி, மறுபடி ஓட்டி நிறுத்திப் பார்த்தேன். பிறகுதான் பயணிகளை ஏற்றினேன். இன்று குளிர்நேரங்களில் கொஞ்சம் விறைப்பு உண்டு. பிரேக் பிடிக்கிறது.

13. என் வண்டி தினமும் மேற்படி மருத்துவமனை வாசல் வழியாகத்தான் போகிறது. கால் வலிக்காக அங்கே இறங்குகிறவர்களிடம், 'வேறு வழி என்ன இருக்கிறது என்று நீங்களே கேளுங்கள், கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்' என்று சொல்லி அனுப்புகிறேன். அங்கே போகாதே என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. இதற்காகச் சென்ற வாரம் மருத்துவமனையின் வழக்கறிஞரிடமிருந்து எனக்கு அறிவிப்பு வந்துள்ளது. நான் பேசுவதை நிறுத்தி, எழுத்துமூலம் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். தவறினால் அவதூறு வழக்காம்.

14. ஐயா, நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. பேசுவதை நிறுத்தப்போவதும் இல்லை. எலும்பு கோணலாக ஒட்டியதை நான் குற்றம் என்று எழுதவில்லை. கட்டுக்குள் எலும்பு நகர்வது உண்டு என்று டாக்டர் சந்தியாவே கூறினார். அதைப் படத்தில் பார்த்தபின்னும் என்னிடம் சொல்லாததும், நான்கு வழிகள் இருக்க ஒன்றுதான் என்று காட்டியதும், என் உடம்புக்கு இன்னொருவர் கையெழுத்தே போதும் என்று எடுத்துக்கொண்டதும்தான் என் புகார். நான் அன்று மயக்கத்தில் இல்லை. சிறுமியும் இல்லை. கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே, தாங்கள் தயவுகூர்ந்து மேற்படி மருத்துவமனையை விசாரிக்க வேண்டும். என் கோப்பில் என் மனநிலை பற்றி எழுதியுள்ள பொய்யை நீக்க உத்தரவிட வேண்டும். இனி அங்கே யாருக்கும் அறுவை செய்யுமுன், இருக்கிற எல்லா வழிகளையும், ஒவ்வொன்றிலும் கிடைப்பதையும் இழப்பதையும், நோயாளியிடமே தமிழில் விளக்கி, அவரிடமே ஒப்புதல் பெற வேண்டும் என்று ஆணையிட வேண்டும். எனக்கு நஷ்டஈடு வேண்டாம்.

திருமதி லோகாம்பாள் சாட்சி சொல்லச் சம்மதித்து, கீழே கையெழுத்திட்டுள்ளார். அவருடைய மூட்டை இனி யாராலும் அசைய வைக்க முடியாது. தன்னை ஏன் கேட்கவில்லை என்ற ஒரு கேள்விக்காவது பதில் வேண்டும் என்கிறார். விசாரணைக்குத் தாங்கள் குறிக்கும் நாளில் பிள்ளையார்பாளையம் சென்று அவரை ஏற்றிக்கொண்டு, என் ஆட்டோவை நானே ஓட்டித் தங்கள் அலுவலக வாசலில் நிறுத்துவேன்.

தங்கள் நடவடிக்கையை உரிமையோடு எதிர்நோக்கும்,

(ஒப்பம்)
ஜா. நதியா

சாட்சிகள்:
1. லோகாம்பாள், பிள்ளையார்பாளையம்
2. ஜான்சன், மனுதாரரின் கணவர் (அன்று அவரைக் கேட்காமல் கையெழுத்திட்டவன்)

இடம்: வாலாஜாபாத்
நாள்: 17.03.2025