காக்கைத் துணிக்காரி வீட்டுக் கல்யாணம்

கோயென்ஜி, தோக்கியோ
அக்டோபர் 9, 2008

அன்பு மகள் நாகிசாவுக்கு,

இங்கே இலைகள் பழுக்கத் தொடங்கிவிட்டன. மத்சுமோத்தோவில் இதற்குள் குளிர் கடிக்குமே! கல்யாணத்துக்கு முன்பே உன்னைத் தங்கள் விடுதிக்கு வரவழைத்துக்கொண்ட சம்பந்தி வீட்டார், பாத்திரமும் தேய்க்க வைத்துவிட்டார்களா?

உனக்குக் கல்யாணப் பரிசாக ஒரு கோட்டு அனுப்பியிருக்கிறேன். எண்பதுகளில் கறுப்பே உடுத்தித் திரிந்த எங்களை "காக்கைக் கூட்டம்" என்று ஊரே கேலி செய்ததே, அந்தக் காலத்துக் கோட்டு. ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. தைத்தவர் வேண்டுமென்றே செய்தது. இன்று இதைத் தேடி என் பழைய துணிக் கடைக்கு எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். நேற்று ஒருவன் ஸ்வெட்டரைத் தூக்கிப் பிடித்து, "அக்கா, ஓட்டை இருக்கே, கொஞ்சம் குறைச்சுக்கங்க" என்றான். "ஓட்டைக்குத்தாம்பா விலையே" என்றேன்.

கல்யாணத்துக்கு எதைப் போடுவது என்று எடுத்துப் பார்ப்பதும் மாட்டுவதுமாக இருக்கிறேன். ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை.

உன் அம்மா,
ஹிசானோ


மத்சுமோத்தோ
அக்டோபர் 17

அம்மாவுக்கு,

போனில் சொன்னால் சிரித்து மழுப்பிவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

பார்சலை அத்தைதான் பிரித்தார். கோட்டின் வலப்பக்கம் மேலே வரும்படி பின் குத்தி அனுப்பியிருக்கிறாய். "ஐயையோ, பொணத்துக்குக் கட்டுற மாதிரில்ல கட்டியிருக்கு! கல்யாணப் பொண்ணுக்கு அனுப்புற பொருளா இது?" என்று அலறி, சாவுத் தீட்டுக் கழிய உப்பை அள்ளி வாசலில் தூவினார். நான் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நின்றேன்.

சின்ன வயதில் பள்ளி விளையாட்டு விழாவுக்கு நீ இந்தக் கறுப்பில் வந்தபோதும், "உங்க வீட்ல யாரு செத்துட்டாங்க?" என்றுதான் கேட்டார்கள். போதும் அம்மா. மணப்பெண்ணின் தாய் வழக்கமாகக் கட்டும் கறுப்புக் கிமோனோவை வாடகைக்கு எடுத்துக் கட்டிக்கொண்டு வா. முடியாது என்றால் வராதே. அப்பாவும் இல்லை. என் பக்கம் உட்கார நீ ஒருத்திதான். அது தெரிந்தேதான் எழுதுகிறேன்.

நாகிசா


கோயென்ஜி
அக்டோபர் 21

நாகிசா,

அந்தக் கோட்டை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் மூடலாம். கடைப் பொம்மைக்குப் போட்டிருந்தபடியே மடித்துவிட்டேன். கிமோனோ கட்டிப் பல காலம் ஆகிறது, உயிரோடிருப்பவர்களுக்கு இடப்பக்கம்தான் மேலே வரவேண்டும் என்பதே மறந்துவிட்டது. தப்புதான். சம்பந்தியம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

ஆனால் ஒன்று. என் கறுப்பு அபசகுனமாம், வாடகைக்கு எடுக்கும் கறுப்பு மட்டும் மங்கலமாம். இது எந்த ஊர் நியாயம்? இந்தத் துணியை விற்றுத்தான் உன்னை வளர்த்தேன். இதைக் கழற்றிவிட்டு வா என்கிறாய். என்னையே வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வா என்பதுபோல் இருக்கிறது. எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. வருவேனா மாட்டேனா, எனக்கே தெரியவில்லை.

அம்மா


கோயென்ஜி
நவம்பர் 6

நாகிசா கண்ணு,

நீ பதில் போடவில்லை. நேற்று ஒரு பெண் சட்டை வாங்கினாள், நான் வேறு யாருடைய கால்சட்டையையோ மடித்துக் கொடுத்து அனுப்பிவிட்டேன். தபால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடுகிறேன். திட்டியாவது ஒரு வரி எழுதடி.

அம்மா


மத்சுமோத்தோ
நவம்பர் 24

அம்மாவுக்கு,

கல்யாணம் முடிந்ததும் நீ ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று ஓடிவிட்டாய். மனசு ஆறவில்லை.

மணப்பெண்ணுக்குப் போடும் அந்த வெள்ளை முக்காடு என் கண்ணை மறைத்துக்கொண்டிருந்தது. எதிரே நிற்பவர்களின் உடையின் அடிப்பகுதிதான் தெரிந்தது. நடைவழி நெடுக உன் தொளதொளத்த கறுப்புப் பாவாடையைத் தேடிக்கொண்டே போனேன். எங்கும் இல்லை. நான்தான் விரட்டிவிட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். கொக்குகள் பறக்கும் கரை போட்ட ஒரு கறுப்புக் கிமோனோ நின்றது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா யாரோ என்று நினைத்து, "இவ்ளோ தூரம் வந்திருக்கீங்க, ரொம்ப நன்றி" என்று குனிந்து வணங்கிவிட்டு நகர்ந்தேன்.

சடங்கில் நிமிர்ந்து பார்த்தால், உன் இடத்தில் அதே கொக்குக் கரை. கொண்டை போட்டு, யாரோ ஒரு அம்மாள் மாதிரி நீ.

"உங்கம்மா எவ்ளோ அடக்கமா இருக்காங்க!" என்றார் அத்தை. அடக்கமாம், நீயாம்! நான் கேட்டதைத்தான் செய்தாய். எனக்குச் சந்தோஷமே இல்லை. பெற்ற மகள் யாரோபோல் வணங்கும்போது, "அடியே, நான்தான்டி" என்று சொல்வதற்கு என்ன அம்மா?

நாகிசா


கோயென்ஜி
நவம்பர் 27

என் கண்ணே நாகிசா,

சொல்லத்தான் வாயெடுத்தேன். திறந்திருந்தால் ஓவென்று அழுதிருப்பேன். வாடகைப் பட்டு, கறை பட்டால் திருப்பி வாங்கமாட்டானாம். அதனால் உதட்டைக் கடித்துக்கொண்டேன். நீ நகர்ந்த பிறகு உன் முதுகைப் பார்த்து நானும் குனிந்து வணங்கினேன். வேறு என்ன செய்ய?

புத்தாண்டுக்கு வருகிறேன், என் துணியில். சம்பந்தியம்மாவிடம் இப்போதே சொல்லிவை, வேண்டுமானால் ஒரு மூட்டை உப்பு வாங்கிவைத்துக்கொள்ளட்டும். இன்னொரு தடவை நீ எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனால், என்னால் தாங்க முடியாது.

அம்மா