கீழறைச் சுவர் காயவில்லை

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு சுகமாக இருப்பாய் என்ற நினைப்பில்தான் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று முதலில் எழுதிவிட்டு அந்த வரியை அடித்துவிட்டேன், மேலே அடித்தல் தெரியும் பார். போனில் சொல்லலாம்தான், ஆனால் உன் அப்பா பக்கத்திலேயே நிற்கிறார், அதோடு வாயைத் திறந்தால் எனக்கு அழுகைதான் வரும், அப்புறம் நீ அங்கே வேலை செய்த மாதிரிதான்.

தரைக்குக் கீழே இருக்கிற நம் தையல் அறையின் பின்சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது என்று முன்பே சொன்னேன், நீயும் கொத்தனாரைக் கூப்பிடுங்கள் என்றாய். கூப்பிட்டேன். அவர் பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, சிமெண்டில் ஏதோ மருந்து கலந்து புதிதாகப் பூசி, அதன்மேல் தண்ணீர் உறிஞ்சாத பெயிண்டும் அடித்துக் கொடுத்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கொஞ்ச நாளில் அந்தப் பெயிண்ட் சுட்டுக்கொண்ட கைபோலக் கொப்புளம் கொப்புளமாக உப்பிக்கொண்டது, தையல் ஊசியால் ஒன்றைக் குத்தினேன், தண்ணீர் வழிந்து என் முழங்கை வரைக்கும் ஓடியது. அடிவரிசைச் செங்கல் நகத்தால் சுரண்டினாலே மாவாக உதிர்கிறது. தைத்து மடித்து வைத்த திரைச்சீலைகளில் பூசணம், ஒரு வாடிக்கைக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள், மெஷினில் கை வைத்தால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால் இங்கே மழை பெய்தே மாதக்கணக்காகிறது. கொத்தனாரை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். அந்த மனிதர் தலையைச் சொறிந்துகொண்டு, உள்ள என்ன பூசினாலும் நிக்காதும்மா, வெளிய இருந்து தண்ணி தள்ளிக்கிட்டே இருக்கு, எங்க இருந்துன்னுதான் புரியல என்றார்.

எங்கே இருந்து என்று நான்தான் கண்டுபிடித்தேன், கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம். ஒருநாள் கீழே உட்கார்ந்து ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன், மேலே அந்தச் சின்ன ஜன்னலில் உன் அப்பாவின் கால் தெரிந்தது, கூடவே ஹோஸ் பைப்பும். செடிக்குத் தண்ணீர் விடுகிறார் என்று விட்டுவிட்டேன். ஒரு திரை முடிப்பதற்குள் மறுபடி அதே கால். சாப்பிட்டு வந்து உட்கார்ந்தால் மறுபடியும். வெளியே ஓடிப் பார்த்தால் சுவர் ஓரம் முழுக்கச் சேறு, கணுக்கால் புதைகிறது. என்ன பண்றீங்க என்று கத்தினேன். பாப்பா செடிக்குத் தண்ணி ஊத்தச் சொல்லிட்டுப் போனா, இன்னும் ஊத்தவே இல்ல, அவ வந்தா கேப்பா என்றார். நான் தைக்கும்போது பூ வாசம் வரட்டும் என்று ஜன்னலோரமாக ஒரு எலுமிச்சைக் கன்று வைத்தாயே, அதைத்தான் சொல்கிறார். அது வேர் அழுகி எப்போதோ செத்துவிட்டது கண்ணு. அவர் ஒரு குச்சிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவதும் சொன்னதையே சொல்வதும் வயதானால் வருவதுதான் என்று நானும் சமாதானம் செய்துகொண்டிருந்தேன். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன், இது சாதாரண மறதி இல்லை, இனிமேல் கூடத்தான் செய்யும் என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார். அன்றைக்கு வந்ததும் தோட்டத்துக் குழாயைக் கழற்றி ஒளித்து வைத்தேன். ஆயுசு முழுக்கக் குழாய் வேலை பார்த்தவரிடம் இந்த வித்தை பலிக்குமா, நான் காபி குடித்து முடிப்பதற்குள் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து வேறு குழாய் மாட்டிவிட்டார், ஒரு சொட்டு ஒழுகவில்லை. கைக்கு மட்டும் எல்லாம் ஞாபகம் இருக்கிறது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, இரண்டையும் செய்தேன். ஸ்பேனரையும் எடுத்து வைத்தேன், இப்போது சமையலறையிலிருந்து வாளியில் தூக்கிக்கொண்டு போகிறார்.

கொத்தனார் வெளிப்பக்கம் பள்ளம் தோண்டி, சுவரைக் காயவிட்டு, அந்தப் பக்கமாகப் பூசி, மண்ணைச் சரிவாகப் போட்டுத் தருகிறேன் என்கிறார். அடுத்த மழைக்கு இந்தச் சுவர் தாங்காதும்மா, மேல இருக்கறது எல்லாம் இது மேலதான் நிக்குது என்றார். அதற்கு மேலேதான் நாங்கள் படுக்கிற அறை. ஆட்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். உன் அப்பா அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துகொண்டார், என் பொண்ணு செடி, அவ வந்து சொல்லட்டும், அதுவரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது என்றார். வேட்டியெல்லாம் சகதி. கொத்தனாரே அவர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, வேலையை நிறுத்திவிட்டுப் போய்விட்டார். நான் கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன், என் பேச்சு எடுபடவில்லை.

போனில் நானே சொன்னால் என்ன என்று உனக்குத் தோன்றும். போன வாரம் நீ பேசும்போது அவரிடம் கொடுத்தேனே, ஒன்றும் பேசாமல் போனை என்னிடமே நீட்டிவிட்டார், லைன் சரியில்லை என்று நீ வைத்துவிட்டாய். லைனில் ஒன்றுமில்லை பாப்பா. யாரோ ஒரு பொண்ணு அப்பாங்கறா, என் பொண்ணு வேலைக்குப் போயிருக்கா, சாயங்காலம்தான் வருவா என்றார். தினமும் வெயில் தாழ்ந்ததும் வாசலில் போய் நிற்கிறார், தெருவில் பையோடு யார் வந்தாலும் பார்க்கிறார், இருட்டியதும் உள்ளே வந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றியாச்சா என்று என்னைக் கேட்கிறார்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை, அதனால் வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன், ஒரு தடவை வந்துவிட்டுப் போ. சுவரை விட்டுத் தள்ளி, வாசல் கேட் பக்கம் புதிதாக ஒரு எலுமிச்சைக் கன்று வைத்திருக்கிறேன். செடியை இங்கே மாற்றிவிட்டேன் அப்பா, இனிமேல் இங்கே ஊற்றுங்கள் என்று நீ வாயால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நேரில் பார்த்தால் அவருக்கு என்னைத் தெரியுமா என்று நீ கேட்பாய். தெரியாமல் போனால் என்ன செய்வேன் என்று யோசிக்கவும் எனக்குத் தெம்பில்லை.

உனக்கு எந்தக் குறையும் வராமல் இருக்க வேண்டும், நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். லீவு கிடைக்காவிட்டால் மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே, ஆனால் கேட்டுப் பார்க்காமல் இருந்துவிடாதே. ஒன்று மட்டும் மறக்காதே. காலையில் வந்து இறங்கினாலும் எங்கேயாவது இருந்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சாயங்காலமாக வீட்டுக்கு வா. வேலைக்குப் போன பெண் அப்போதுதானே வருவாள்.

இப்படிக்கு,
வாசலைப் பார்த்தபடி,
உன் அம்மா